எஸ்தரக்கா போட்ட கோடுகள்

“தம்பி, எஸ்தர் பூட்டா. காலைல நெஞ்சு வலிக்குதுன்னா. வாலாஜாபாத் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிபூட்ச்சி.” காவாந்தண்டலத்திலிருந்து, எங்கள் அலுவலகத்தில் மூத்தவரான எஸ்தரக்காவின் கணவர் ஃபோனில் சொன்னது இவ்வளவுதான். “சரிண்ணே” என்றேன். திரையில் லைவ் சர்வர் திறந்திருந்தது. அதை மூடிவிட்டுத்தான் எழுந்தேன். அக்கா பழக்கிவிட்ட பழக்கம்.

உத்திரமேரூர் பஜார் தெரு மாடியில் எங்கள் அலுவலகம். சுற்றுவட்டார ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்து தருகிறோம். லைவ் சர்வரில் நிஜ நோயாளிகளின் முடிவுகள் இருக்கும். டெஸ்ட் சர்வரில் நாங்கள் சோதித்துப் பார்க்கக் கற்பனை நோயாளிகள் இருப்பார்கள். கத்திரிக்கா கோவிந்தன், முருங்கக்கா முனுசாமி என்று அவர்களுக்குப் பெயர் வைத்ததும் அக்காதான். இரண்டு ஜன்னல்களும் திரையில் ஒரே மாதிரி தெரியும். இடம் மாறி அழித்தால் யாரோ ஒருவரின் சர்க்கரை அளவு காணாமல் போய்விடும். அதனால் லைவின் மேல்பட்டையைச் சிவப்பாகவும் டெஸ்டைப் பச்சையாகவும் மாற்றிவைத்தார். “செவப்புன்னா கைய கட்டிக்கினு பாரு. பச்சைன்னா இன்னா வேணா பண்ணு” என்பார்.

எனக்கு இரண்டும் ஒரே சாணி நிறம். பிறவியிலேயே அப்படி. எங்கள் வீட்டில் பட்டுத் தறி. நூலின் நிறம் தெரியவில்லை என்று அப்பா என்னைத் தறியிலிருந்து எழுப்பிவிட்டார். இங்கேயும் எழுப்பிவிட்டால் எங்கே போவது? யாரிடமும் சொல்லாமல், கீழே பொடி எழுத்தில் இருக்கும் சர்வர் பெயரைப் படித்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம் அதைப் படிக்க மறந்தேன். டெஸ்டில் உள்ளதையெல்லாம் அழிக்க வேண்டிய வேலை. பொத்தானை அழுத்தப் போகும்போது அக்கா பின்னாலிருந்து மணிக்கட்டைப் பிடித்தார். “இன்னா பண்ணிக்கினு கீற? அதுல கத்திரிக்கா கோவிந்தன் கீறானா பாரு!” பார்த்தேன். எல்லாம் நிஜப் பெயர்கள். ஜன்னலை மூடினேன். திட்டுவார் என்று நினைத்தேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் கீழே தள்ளுவண்டியில் தக்காளி வாங்கிக்கொண்டிருந்த அக்கா என்னைக் கூப்பிட்டார். “பழமா பாத்து நாலு எடுத்துக் குடு.” நான் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து எடுத்தேன். “கண்ணால பாக்க வேண்டியத கையால பாக்குறியே” என்றார். நாலையும் அவர் பையில் போட்டேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் எல்லோருடைய லைவ் ஜன்னலிலும் நிறம் போய், தடித்த சாய்வுக் கோடுகள் வந்திருந்தன. டெஸ்டில் கோடே கிடையாது. “எனுக்குக் கண்ணு மங்கிக்கினு வருது. செவப்பு, பச்சை ஒண்ணும் தெரியல. இனிமே கோடுதான். ரயில்வே கேட்டு போட்டா நிப்ப இல்ல? அப்டி நில்லு” என்று எல்லோருக்கும் அறிவித்தார்.

அதற்குப் பிறகு அவரைக் கேலி செய்யாத நாளில்லை. “கண்ணாடி வாங்குங்கக்கா, நாங்க வேணா காசு போடறோம்” என்பார்கள். “வாங்கணும், வாங்கணும்” என்று சிரித்துக்கொள்வார். வாங்கவேயில்லை.

அடக்கத்தன்று எங்கள் முதலாளி, “பாவம், கண்ணு சரியா தெரியாமலே இத்தன வருசம் வேல செஞ்சாங்க” என்றார். அக்காவின் கணவருக்குப் புரியவில்லை. “யாருக்குக் கண்ணு தெரியாது? போன வாரங்கூட ஊசில நூலு கோத்தாளே” என்றார். அலுவலகத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அழுகையில் என்னால் வாய் திறக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் இல்லாத நாற்காலிக்கு யாராவது வருவார்கள். கோடு எதற்கு என்றும் கேட்பார்கள். அந்தக் கோடுகளும், மணிக்கட்டில் அன்று பட்ட பிடியும்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை. கோட்டைப் பார்த்ததும் இன்றும் கை தானாக நிற்கிறது. அக்காவைக் கேலி செய்த எல்லோருக்கும் சொல்கிறேன், கூடவே சிரித்தவன்தான் நானும். அவர் கண்ணில் ஒரு குறையும் இருந்ததில்லை. சிவப்பு தெரியாதவன் நான்.