பூச்சியம் எழுதிய குழாய்

தேவதானப்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் உயிர் உரக் கம்பெனியில், ஆய்வகத்துக் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்த பாண்டீஸ்வரியை ஒரே நாளில் பேக்கிங்கிற்குத் தள்ளிவிட்டார்கள். வடுகபட்டிக்காரி, ஏழாவதோடு படிப்பை விட்டவள். செய்த தப்பு இதுதான். ஸ்டாண்டில் ஏழு குழாய்கள். ஒவ்வொன்றிலும் பத்து என்று எழுதி, அதன் தலையில் பொடி எழுத்தில் பூச்சியம், மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு என்று மைனஸ் ஆறுவரை போட்டிருந்தது. பூச்சியம் என்றால் ஒன்றுமில்லை, கழுவ வைத்தது என்று நினைத்து முதல் குழாயைத் தொட்டியில் கொட்டிவிட்டாள். அதுதான் தண்ணீர் கலக்காத தாய்க் கரைசல்; மற்ற ஆறும் அதைப் படிக்குப் படி பத்து மடங்கு தண்ணீர் கலந்து நீர்த்தவை. ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும் நுண்ணுயிர் மருந்து. மறுசோதனைக்கு வைத்திருந்தது.

"கண்ணு தெரியலையாக்கா? உள்ள என்ன இருந்ததுன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கெமிஸ்ட் ஹேமாவதி கத்தியது வாசல் கேட் வரைக்கும் கேட்டது.

பேக்கிங்கில் பாண்டீஸ்வரி என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். "விடுடி, இங்கன உக்காந்த வேலை, சுகம்," என்றேன்.

முறைத்தாள். "வேலைக்கா அழுகுறேன்? என்னன்னே தெரியாமக் கொட்டிப்புட்டேனே!"

குழாய்களில் எழுதியிருக்கும் கணக்கைக் கற்றுக்கொண்டால் ஆய்வகத்துக்குத் திரும்ப எடுப்பதாக ஹேமாவதி சொல்லியிருந்தாள். ஒரு மாசம் கெடு.

அன்றிலிருந்து கிழிந்த அட்டைப்பெட்டிகளெல்லாம் அவளுக்கு நோட்டு. மார்க்கரால் ஆயிரம், நூறு, பத்து என்று இறங்கி வருவாள், நின்றுவிடுவாள். எனக்கு எரிச்சல். "பத்தை ஒரு தடவகூடப் பெருக்கலைன்னா பூச்சியந்தானடி வரும்!" என்று மல்லுக்கு நின்றேன். அவள் விடுகிற ஆளா? நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, டேப் ஒட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்தாள்.

"ஆத்தாடி! ஒவ்வொரு படி இறங்கையிலயும் பத்தால வகுக்குறோம். தலையில மூணுன்னா ஆயிரம், ரெண்டுன்னா நூறு, ஒண்ணுன்னா பத்து. பத்தைப் பத்தால வகுத்தா? ஒண்ணுடி! பூச்சியம் போட்டா ஒண்ணு. இன்னும் இறங்குனா பத்துல ஒரு பங்கு. அதான் மைனஸ் ஒண்ணு!"

தோற்றது நான்தான். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

மாசக் கடைசியில் ஹேமாவதி, குழாயைக் கொட்டிய அன்றைய பதிவையே எடுத்து நீட்டினாள். மைனஸ் ஆறு குழாயிலிருந்து ஒரு மில்லி எடுத்து வளர்த்த தட்டில் நூற்றிருபது புள்ளிகள். புள்ளிக்கு ஓர் உயிர். தாய்க் கரைசலில் மில்லிக்கு எவ்வளவு?

நான் கதவோரம் நின்று பார்த்தேன். நூற்றிருபதை 10⁻⁶ ஆல் வகுத்தாள். கீழே இருந்த மைனஸ் ஆறு, மேலே போய்ப் பிளஸ் ஆறு ஆயிற்று. 120 × 10⁶.

"பன்னெண்டு கோடி," என்றாள்.

"சரிக்கா. திங்கக்கிழமை ஆய்வகத்துக்கு வந்துருங்க."

பாண்டீஸ்வரி எழவில்லை. கீழே இன்னொரு வரி எழுதிக் காகிதத்தைத் திருப்பி வைத்தாள்.

"நான் கொட்டுனது பத்து மில்லி, மேடம். நூத்திருபது கோடி உசுரு. அன்னைக்கு உள்ள என்ன இருந்ததுன்னு கேட்டீகல்ல?"