வக்கீலம்மாவின் மேசை விற்பனைக்கு அல்ல

கொல்லிமலை மேலே, சோளக்காடு என்கிற ஊரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. டைப்பிங், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் காகிதம் சம்பந்தப்பட்ட எதுவானாலும் என் மகனுக்கு அத்துபடி என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். நாளடைவில் நானும் அதை நம்பிவிட்டேன்.

புதன்கிழமைதோறும் நாமக்கல்லிலிருந்து ஒரு வக்கீலம்மா மலையேறி வருவார். அவர் நோட்டரி. பிரமாணப் பத்திரமோ நகல் சான்றோ, ஆளை நேரில் பார்த்து, கையெழுத்தை வாங்கி, தன் வட்ட முத்திரையைக் குத்தித் தருவார். அவருக்காக என் கடை மூலையில் ஒரு மேசை போட்டிருந்தேன். சிக்கல் என்னவென்றால், அவர் வருவது மலையில் அநேகமாக யாருக்கும் தெரியாது. எங்கள் ஆட்கள் பழக்கப்படி ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, ஒரே ஒரு முத்திரைக்காகக் கீழே இறங்கிப் போனார்கள். அதே காலையில் வக்கீலம்மா மேலே ஏறி வந்தார். இரண்டு பஸ்ஸும் ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் ஒன்றுக்கொன்று வழிவிட்டிருக்கும்.

வளைவுகள் வக்கீலம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இறங்கியதும் சாலையோரம் வாந்தியெடுப்பார். முகம் கழுவிக்கொண்டு வந்து, சாயங்காலம் வரை ஈ ஓட்டுவார். ஒரு புதன்கிழமை சொல்லிவிட்டார்.

“தம்பி, இந்த மாசத்தோட நிறுத்திக்கிறேன். மூணு கையெழுத்துக்காக வாரா வாரம் என் குடலை வெளிய எடுத்துப் பார்க்க முடியாது.”

எனக்குத் திக்கென்றது. அவர் வந்தால் என் கடைக்கு டைப்பிங் வேலை வரும் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மலையில் கிடைக்கிற முத்திரை மலையை விட்டுப் போகிறதே என்றிருந்தது. படித்தவன் நான்தானே, ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

இணையத்தில் இலவச விளம்பரம் போடலாம் என்று கண்டுபிடித்தேன். பழைய பைக், பழைய கட்டில், வாடகை வீடு என்று சனங்கள் போடுகிற தளம் அது. நோட்டரிக்கென்று அதில் பிரிவே இல்லை. சேவைகள் என்ற தலைப்பின் கீழே கரப்பான்பூச்சி ஒழிப்பு இருந்தது, மணப்பெண் அலங்காரம் இருந்தது. கடைசியில் இருந்த ‘மற்றவை’யில் சேர்த்தேன். படம் இல்லாமல் ஏற்காது என்றது. வக்கீலம்மாவின் மேசையைத் துடைத்து, படம் எடுத்துப் போட்டேன். வாசகத்தை யோசித்து யோசித்து எழுதினேன்: ‘கொல்லிமலையின் முதன்மையான நோட்டரி! நேர்மை, விரைவு, கனிவு. புதன்கிழமை சோளக்காட்டுக்கு வாரீர்! முதலில் வருவோருக்கு ஜெராக்ஸ் இலவசம்!’

கடைக்குள் என் போனுக்கு சிக்னல் கிடைக்காது. அதனால் பக்கத்து டீக்கடை அண்ணனின் எண்ணைக் கொடுத்தேன். அவரும் பெருந்தன்மையாக, “போடு கண்ணு, நான் பேசிக்கறேன்” என்றார்.

மறுநாளே போன்கள் வந்தன.

“ஏனுங்க, மேசை தேக்குங்களா?” என்று முதல் ஆள் கேட்டாராம்.

“மேசையில்லீங்க, நோட்டரிங்க.”

“அது கெடக்கட்டும், மேசை கடைசி வெலை சொல்லுங்க.”

அடுத்த ஆளுக்கு மேசையோடு நாற்காலியும் வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து ஒருவர், முத்திரை மட்டும் குத்திக் கூரியரில் அனுப்ப முடியுமா, கையெழுத்தை நான் அப்புறம் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டார். ஒருவர் கரப்பான்பூச்சிக்கு மருந்தடிக்க வரச் சொன்னார். மூன்றாம் நாள் டீக்கடை அண்ணன் என்னிடம் வந்து, “கண்ணு, ஒருத்தரு நல்ல வெலைக்குக் கேக்கறாரு. அந்த மேசையக் குடுத்துட்டு வேற ஒண்ணு வாங்கிக்கலாமே?” என்றார். மலைக்காரர் ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. பழைய கட்டில் வாங்குகிற தளத்தை இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?

அடுத்த புதன்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கிய வக்கீலம்மா சாலையோரம் நிற்கவில்லை. நேராகக் கடைக்குள் வந்தார்.

“இன்னைக்கு வாந்திகூட வரல தம்பி. அவ்வளவு கோபம்.”

கோர்ட்டில் வக்கீல்கள் அறையில் யாரோ அந்த விளம்பரத்தைக் கண்டுபிடித்து, எல்லோருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். ‘வாரீர்’ என்ற இடத்தில் கைதட்டல் வேறு.

“வக்கீல் விளம்பரம் பண்ணக் கூடாது, தெரியுமா உனக்கு? பேர்ப்பலகையே இவ்வளவுதான் இருக்கணும்னு விதி. இது திங்கட்கிழமைக்குள்ள போகலைன்னா புகார் எழுதுவாங்க. என் நோட்டரி உரிமமே போயிடும். கனிவாம், கனிவு!”

வக்கீலுக்கு அப்படியொரு விதி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. காகித விஷயத்தில் எனக்குத் தெரியாதது இருந்தது என்பதே புதிய செய்தி.

உடனே நீக்கிவிடுகிறேன் என்று டீக்கடைக்கு ஓடினேன். நீக்குவதற்கு, விளம்பரத்தில் கொடுத்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும் என்றது தளம்.

“அண்ணா, போனக் குடுங்க.”

“அந்த சிம்மா? மேசை கேட்டு மேசை கேட்டு உசுர எடுத்தானுங்க. காத்தால கழட்டி அடுப்புல போட்டுட்டேன். புது நெம்பர் வேணுமா கண்ணு?”

தளத்தின் உதவி எண்ணில் இசை மட்டும் வந்தது. மின்னஞ்சலுக்கு, ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. வக்கீலம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தது விளம்பரத்தில் வந்த அதே மேசை முன்னால்.

ராத்திரி முழுக்கத் தளத்தைக் குடைந்ததில், விளம்பரத்தின் அடியில் சின்னதாக ஒரு பொத்தான் கண்ணில்பட்டது. ‘இந்த விளம்பரம் குறித்துப் புகார் செய்க.’ நிறையப் பேர் புகார் செய்தால் தளமே எடுத்துவிடும். இனி ஆள் பிடிப்பதுதான் வேலை.

வியாழக்கிழமை காலையிலிருந்து பஸ் ஸ்டாப்பில் நின்றேன். வாழவந்தி நாட்டுப் பஸ் வந்தாலும் வாசலூர்பட்டிப் பஸ் வந்தாலும் ஏறி, கையில் போன் வைத்திருந்தவர்களிடமெல்லாம் விஷயத்தைச் சொன்னேன். புதன்கிழமை இங்கே ஒரு வக்கீலம்மா வருகிறார், முத்திரை போடுகிறார், அவரைப் பற்றி நான் தெரியாமல் விளம்பரம் போட்டுவிட்டேன், அதை ஒழிக்க வேண்டும். மறுக்காமல் போனை நீட்டினார்கள். ஆனால் பொத்தானை அழுத்தினால், என்ன காரணம் என்று ஒரு வரிசை வந்தது. முதலில் இருந்தது ‘மோசடி’.

மிளகு மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா போனை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

“அந்தம்மா உன்னைய மோசடி பண்ணுச்சா?”

“இல்லீங்க.”

“அப்பறம் நா எதுக்குச் சாமி அந்தப் பாவத்தச் சொமக்கோணும்? வேற என்ன போட்டிருக்குது, படி.”

ஆபாசம் என்று படித்தேன். பஸ்ஸே சிரித்தது. “மேசைதான நிக்குது, அதுல என்ன ஆபாசம்?” என்றார் கண்டக்டர். கடைசியில் ‘தவறான பிரிவு’ என்று ஒன்று இருந்தது. அது உண்மைதானா என்று ஆளுக்கு ஆள் விசாரித்து, கரப்பான்பூச்சிப் பட்டியலைக் காட்டச் சொல்லி, திருப்தியான பிறகே அழுத்தினார்கள். தங்கள் நிறுத்தத்தில் இறங்காமல் இருந்து அழுத்திவிட்டு, அடுத்த நிறுத்தத்திலிருந்து திரும்பி நடந்தவர்களும் உண்டு.

அப்பாவும் களத்தில் இறங்கினார். அவரிடம் இருப்பது பட்டன் போன், படிக்கவும் வராது. ஆனாலும் மரவள்ளிக் காட்டுக்குக் காட்டு போய் ஆட்களைத் திரட்டினார். அவர் எப்படிச் சொன்னார் என்பதைப் பின்னால்தான் கேள்விப்பட்டேன்.

“பொதங்கெழம சோளக்காட்டுல, நம்ம பையன் கடைக்கு வக்கீலம்மா வர்றாங்க. முத்திர குத்தறாங்க. ஆனா அது வெளிய தெரிஞ்சா அவங்க வேலைக்கே ஆபத்தாம். நீ யாருகிட்டயும் சொல்லிப்போடாத.”

இப்படி அவர் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுக்காரர்களும் அதே எச்சரிக்கையோடு அடுத்த வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீக்கடை வாசலில் நின்று தளத்தைத் திறந்தேன். ‘இந்த விளம்பரம் இப்போது இல்லை.’ வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன். “சரி” என்றார். “புதன்கிழமை வந்து என் சாமானை எடுத்துக்கறேன்” என்றும் சொன்னார்.

புதன்கிழமை பஸ் வரும் முன்பே என் கடை முன்னால் கூட்டம். வரிசை டீக்கடையைத் தாண்டி வாழைப்பழக் கடை வரை போயிருந்தது. ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் இருந்தவர்கள். மதிப்பெண் சான்றிதழைத் தொலைத்தவர்கள். பட்டா நகலோடு வந்தவர்கள். வக்கீலம்மா இறங்கி, முகம் துடைத்து, வரிசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“மறுபடி எங்கடா போட்ட?”

“எங்கயும் போடலீங்க மேடம். எடுத்தேன், அவ்வளவுதான்.”

அவர் நம்பவில்லை. வரிசையில் முதலில் நின்ற பெரியவர் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, “பயப்படாதீங்க வக்கீலம்மா. நாங்க ஒருத்தருகிட்டயும் சொல்லல” என்றார். பின்னால் நின்ற அத்தனை பேரும் ஆமாங்க என்று தலையாட்டினார்கள்.

வக்கீலம்மா உட்கார்ந்து முத்திரையை எடுத்தார். மதியச் சாப்பாட்டுக்கும் எழவில்லை. கடைசி பஸ் ஹாரன் அடித்தபோதும் நான்கு பேர் நின்றார்கள். அவர்கள் நால்வரையும் அடுத்த புதன்கிழமை முதல் ஆட்களாக வரச் சொல்லிவிட்டுப் பையை மாட்டினார். பஸ் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார்.

“தம்பி, மை காஞ்சு போச்சு. அடுத்த வாரத்துக்குப் புது பேட் ஒண்ணு வாங்கி வை. வாங்கறதை எங்கயும் எழுதிப் போட்டுடாத.”