மூணு பேரும் ஆன்லைன்

ஆபீஸ் ஆளுக தங்களுக்குள்ள பேசிக்க தனியா ஒரு சாட் சர்வர் வேணுமாம். முதல்ல என் லேப்டாப்பிலேயே கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டு, அதுல ஓட்டிப் பாக்கச் சொன்னாவ.

காலையிலருந்து வீட்டுல இருந்தே மல்லுக்கட்டி, மத்தியானம் ஒருவழியா ஓடிச்சு. டெஸ்ட் பண்ண ஆள் வேணுமே? ராபின், செல்வின், சுயம்புன்னு மூணு அக்கவுண்ட் போட்டேன். மூணும் என்கூட படிச்சவனுவ பேரு. இப்பம் எல்லாவனும் கல்ஃப்ல.

அடுத்து வாய்ஸ் கால். எங்க மயிலாடியில கல் அறுக்குற சத்தத்துல கத்தித்தான் பேசணும்.

"ராபினே, கேக்குதா மக்கா?"

ராபின் அக்கவுண்ட் திறந்திருந்த டேபுக்குப் போய் நானே, "கேக்குது மக்கா, சொல்லு!"

பக்கத்து வீட்டு அத்தை மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுட்டு நின்னாவ. "ஏ மக்கா, பயலுவ வந்திருக்கானுவளோ?"

இத எப்படி விளக்க? "ஆமா அத்தை, மூணு பேரும்."

கொஞ்ச நேரத்துல தட்டோட வந்துட்டாவ. நாலு கிளாஸ் சாயா, அவிச்ச ஏத்தம்பழம். உள்ள விடாம வாசல்லயே வாங்கிக்கிட்டேன்.

நாலு சாயாவையும் நானே குடிச்சேன். கடைசி கிளாஸ் ஆறிப்போச்சு.

அப்புறம் மெஷின அணைச்சேன். மூணு பேரும் ஒண்ணா ஆஃப்லைன் போயிட்டானுவ.

ஏலே, நிஜ ராபின், செல்வின், சுயம்பு! இந்தப் போஸ்டுக்கு வெறும் லைக் போட்டுட்டுப் போயிராதீங்க. ஊருக்கு வந்தா, அன்னைக்குத் தந்த ஏத்தம்பழம் நல்லா இருந்திச்சுன்னு அத்தைகிட்ட சொல்லணும்.

எப்பம்லே வருவிய?