சாக்கெட்டுக்குள் இருந்த குங்குமம்

வீட்டில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். சிலிண்டரை மூடிவிட்டதாக அம்மா சொன்னாலும் நான் போய் ஒருமுறை திருகிப் பார்ப்பேன். தொழில் அப்படி. கப்பலூரில் மின்சாரப் பெட்டிகள் செய்யும் பட்டறையில் சோதனை பார்ப்பது என் வேலை. "கரண்ட் இல்லக்கா, சும்மா தொடுங்க" என்று யார் சொன்னாலும் டெஸ்டர் வைக்காமல் தொட்டதில்லை. அதனால்தான் பத்து விரலும் பத்திரமாக இருக்கிறது.

போன வருஷம் ஆயுத பூஜை சமயத்தில் ஒரு துறைமுகத்துக்குப் பெரிய பெட்டி ஒன்று செய்தோம். கரையில் நிற்கும்போதும் விளக்குக்கும் பம்புக்குமாகக் கப்பலில் இஞ்சினை ஓட்டிக்கொண்டேதான் இருப்பார்களாம். அந்தப் புகையெல்லாம் ஊருக்குள் வரும். இனி இஞ்சினை அணைத்துவிட்டு, இந்தப் பெட்டியில் ப்ளக்கை மாட்டிக் கரை மின்சாரம் எடுக்க வேண்டும். அதற்கு மாநிலத்தில் சட்டமே வரப்போகிறது என்று பேச்சு. சட்டம் வருவதற்கு முன்பே ஒரு துறைமுகம் தானாக நல்லது செய்கிறது என்றதும் எனக்கு மூக்கு வேர்த்தது.

ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். பெட்டியை இயக்க ஒரு ஆள் கேட்டிருந்தார்கள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கோச்சடையில் வீட்டோடு கிடந்த என் தம்பியை, முதலாளியிடம் சொல்லி அனுப்பியதே நான்தான்.

பெட்டி லாரி ஏறிய அன்று பட்டறை முழுக்கச் சந்தனமும் குங்குமமும். தம்பி கை வைக்கப்போகும் பெட்டி என்ற நினைப்பில், சோதனை முடிந்த பிறகு சாக்கெட்டின் மூடியைத் திறந்தேன். ப்ளக் உரசிக்கொண்டு போய் உட்காரும் உள்சுவரில் ஈரச் சந்தனத்தை வைத்து, மேலே குங்குமமும் இட்டேன். மின்சாரம் பாயும் இடத்தில் ஈரம். வேறு யாராவது செய்திருந்தால் கிழி கிழி என்று கிழித்திருப்பேன். யாருக்கும் தெரியாமல் மூடிவிட்டேன்.

தம்பி வாரம் ஒருமுறை போன் செய்வான். "தினமும் மாட்டுறோம்க்கா. கப்பல் வந்ததும் மொத வேலை அதுதேன்" என்பான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை இருமுவான். கேட்டால் கடல் காற்று என்பான். பொங்கலுக்கு வந்தவனைத் திருநகரில் ஒரு டாக்டரிடம் இழுத்துப் போனேன். புகை இருக்கிற இடத்தில் நிற்கக் கூடாது என்றார் அவர். புகை ஏது? கப்பல்கள்தான் இஞ்சினை அணைத்துவிடுகின்றனவே. அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இந்த வருஷம் கதவு துருப்பிடித்ததென்று பெட்டி எங்களிடம் திரும்பி வந்தது. கூடவே பதிவேட்டின் நகலும் வந்தது. அதில் எந்தக் கப்பலுக்கு எப்போது மாட்டியது, எப்போது கழற்றியது என்று வரிக்கு வரி என் தம்பியின் கையெழுத்து. பெட்டி தினமும் பயன்பாட்டில் இருந்து நல்ல நிலையில் உள்ளது என்று நாங்கள் ஒரு சான்று தர வேண்டுமாம்.

"எதுக்கு சார் இது?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

"துறைமுகத்துக்காரங்க கவர்மென்டுக்குக் குடுப்பாங்கம்மா. நாங்களே ஒழுங்காத்தேன் செய்யுறோம், எங்களுக்கு எதுக்குச் சட்டம்னு."

போய் சாக்கெட்டின் மூடியைத் திறந்தேன். வெளிக்கதவில் இட்ட பொட்டெல்லாம் மழையில் போயிருந்தது. உள்ளே சந்தனம் காய்ந்து வெடித்து, குங்குமம் வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரே ஒருமுறை ப்ளக் நுழைந்திருந்தாலும் அது இருந்திருக்காது.

தம்பிக்குப் போன் போட்டேன். "சாக்கெட்டுக்குள்ள நான் வச்ச குங்குமம் அப்படியே இருக்குடா."

முதலில் இருமல்தான் கேட்டது. "கப்பல்காரன் இஞ்சினை நிறுத்த மாட்டேங்கிறான்க்கா. மாட்டுனதா நீ எழுதி வைன்னு ஆபீஸ்ல சொன்னாக, எழுதுனேன். என்னைய என்ன செய்யச் சொல்ற? பேசாமக் கையெழுத்துப் போட்டு விட்ருக்கா."

சான்றுத் தாளில், சாக்கெட் ஒருமுறைகூடப் பயன்படுத்தப்படவில்லை என்று எழுதினேன். ஆதாரம் வேண்டுமே, என் குங்குமத் தப்பையும் எழுதிக் கையெழுத்திட்டேன். முதலாளி இரண்டு தடவை படித்தார். "தம்பி பொழப்பு போயிரும்மா" என்றார். "அவன் நெஞ்சு போயிக்கிட்டிருக்கு சார்" என்றேன்.

தாளை அனுப்பிவிட்டதாக அவர் சொன்னதையும் நான் முழுசாக நம்பவில்லை. தம்பியின் வேலையை மாற்றிய பிறகுதான் அது போய்ச் சேர்ந்தது தெரிந்தது. துறைமுகத்தைத் தாண்டி மேலே போனதா என்று இன்றுவரை தெரியாது. சட்டமும் வரவில்லை. தம்பிக்கு வேலை போகவில்லை, ஆனால் கப்பல் கரை சேரும்போது கயிறு கட்டுகிற வேலையில் போட்டிருக்கிறார்கள். முன்பைவிடப் புகைக்குப் பக்கத்தில்.

அவன் என்னோடு பேசுவதில்லை. அம்மாவுக்குத்தான் போன் வரும். நான் ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு அடுப்படியில் நிற்பேன். நல்லா இருக்கேன்மா, நல்லா இருக்கேன்மா என்பான். அதை நான் காதில் வாங்குவதில்லை. இரண்டு வார்த்தைக்கு நடுவில் இருமுகிறானா என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.