காலண்டர் தாளில் கிடைத்த நபிமொழி

அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட மச்சான், ஆயிரம் வருடங்களுக்கு முன் இறந்துபோனவர்களைப் பற்றித் தினமும் விசாரணை நடத்திக்கொண்டிருந்தார். பல்லாவரத்தில் எங்கள் வீட்டு மாடி போர்ஷனில்தான் இருவரும் குடியிருந்தார்கள். காலையில் மதரஸாவில் அரபி வகுப்பு. மதியத்துக்கு மேல் ஹதீஸ் ஆராய்ச்சி. ஒரு நபிமொழியை யார் யாரிடம் கேட்டுச் சொன்னார், அவர் பொய் சொல்லாதவரா, ஞாபகசக்தி உள்ளவரா, இருவரும் நேரில் சந்தித்திருக்க முடியுமா என்று ஒவ்வொரு கண்ணியாகத் தட்டிப் பார்க்கிற வேலை. கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தைக் கத்தரித்து, அப்படிச் சொன்னவர்களின் தரத்தை ஆளுக்கு ஒரு அட்டையில் எழுதி, செருப்பு வாங்கிய பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார்.

"பாவம், நல்ல மனுஷன். கடைசி காலத்துல ரொம்பக் குழம்பிட்டாரு" என்பார், அப்படி ஒரு பழைய பாக்தாத்துக்காரரைப் பற்றி, சோற்றைப் பிசைந்தபடி.

"பின்வீட்டுக்காரர் பேரு தெரியாது உங்களுக்கு. பாக்தாத்துக்காரர் எப்ப குழம்பினாருன்னு தெரியுது!" என்பாள் அக்கா.

எனக்கு அப்போது பி.எஸ்சி. முடிந்திருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சும்மா இருக்கத் தெரியாத வயது. பள்ளிவாசல் மாடியில் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் ஆரம்பிக்க, பள்ளிவாசலை நிர்வகிக்கும் ஜமாஅத்தில் அனுமதி வாங்கிவிட்டேன். நோட்டீஸில் போட மச்சான் ஒரு நபிமொழி எழுதிக் கொடுத்தார். தாம்பரத்து அச்சகத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். நீளமாக இருந்தது, விறுவிறுப்பே இல்லை. எதிர்ச் சுவரில் ஒரு தினசரி காலண்டர். அன்றைய தாளில், கல்வியைத் தேடிச் சீனா வரை போகச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற வாசகம். பளிச்சென்று இருந்தது. மச்சான் எழுதியதை அடித்துவிட்டு, அதைப் போட்டு, மேலே ‘நபிமொழி’ என்று தலைப்பும் கொடுத்து, கீழே மேற்பார்வை என்று மச்சான் பெயரையும் போடச் சொன்னேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தவர்களுக்குப் பள்ளிவாசல் வாசலில் நின்று நானே கொடுத்தேன். மிச்சத்தைச் சந்தையில் கொடுத்துத் தீர்த்தேன்.

சாயங்காலம் மச்சான் நோட்டீஸும் கையுமாக என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இது எங்கேந்து வந்துச்சு?"

"எல்லாரும் சொல்றதுதானே மச்சான்."

"எல்லாரும்னா யாரு?"

"...காலண்டர்ல இருந்துச்சு."

"காலண்டர் யார்கிட்ட கேட்டுச்சாம்?"

அவர் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார். அந்த வாசகத்தைச் சொல்லிவந்தவர்களின் தொடரில் நம்ப முடியாத ஆள் இருக்கிறார், அதை நபியின் பெயரால் சொல்லக் கூடாது என்றார். விஷயம் கேள்விப்பட்டு ஜமாஅத் செயலாளர் வந்தார். மார்க்கம் படித்தவர் என்ற மரியாதையில் மச்சானை ஹஜ்ரத் என்றுதான் கூப்பிடுவார். "விடுங்க ஹஜ்ரத், நல்ல கருத்துதானே. யாருக்கு என்ன நஷ்டம்?"

"கருத்து நல்லதுதான் சார். நபி அவங்க சொன்னாங்கன்னு சொல்றதுதான் பிரச்சினை. அடுத்த வெள்ளிக்கிழமை திருத்திச் சொல்லிடறேன்."

வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன் தமிழில் பேசுவது மச்சான்தான். அந்த மேடையில் என் பெயர் வந்தால் டியூஷனுக்கு எந்த வீட்டிலிருந்து பிள்ளையை அனுப்புவார்கள்?

"மச்சான், என் பேரை மட்டும் சொல்லிடாதீங்க."

"யார்கிட்டேந்து வந்துச்சுன்னு சொல்றதுதானே தம்பி எங்க வேலையே" என்றார். அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி வரிசையில், தூணை ஒட்டி உட்கார்ந்தேன். மச்சான் நோட்டீஸைத் தூக்கிக் காட்டினார். "இதுல இருக்கற வாசகத்தை நபிமொழின்னு சொல்ல ஆதாரம் இல்லை. எனக்குக் கிடைச்ச தொடர் ஒரு காலண்டர் தாளோட நின்னுபோச்சு." கூட்டம் சிரித்தது. "கீழே என் பேரு இருக்கு. அச்சாகறதுக்கு முன்னால ஒருதரம் வாங்கிப் பார்க்காதது என் தப்பு. மன்னிச்சிடுங்க. டியூஷனுக்குப் பிள்ளைங்களை அனுப்புங்க. நடத்தறவர் கணக்கு நல்லாச் சொல்லித் தருவார்." பிறகு, முதலில் எழுதிக் கொடுத்த நபிமொழியை யார் யார் வழியாக வந்தது என்று பெயர் பெயராகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஏன் மச்சான் என் பேரைச் சொல்லலை?"

"நோட்டீஸ்ல இருந்தது என் பேரு. அவங்க நம்பினதும் என்னைத்தான். உன் பேரு இருக்க வேண்டிய எடத்துல இருக்கு" என்று ஒரு செருப்புப் பெட்டியை இழுத்தார். பாக்தாத்துக்காரர்களுக்கும் கூஃபாக்காரர்களுக்கும் நடுவே எனக்கு ஒரு அட்டை. பின்பக்கத்தில் யாரோ மணமக்களின் பெயர்கள். முன்பக்கத்தில் அவருடைய சின்னக் கையெழுத்து: ‘உண்மையாளர். அவசரக்காரர். இவர் சொல்வதை வேறொரு வழியிலும் சரிபார்த்துக்கொள்ளவும்.’

அக்கா எட்டிப் படித்துவிட்டுச் சிரித்தாள். "இது எனக்கு இவன் பொறந்தப்பவே தெரியும்!"

டியூஷனுக்கு முதல் நாளே பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். அன்றிலிருந்து எந்தத் தாளில் எதை எழுதினாலும், இது யார் சொன்னது என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எத்தனையோ சான்றிதழ்கள் வந்துவிட்டன. ‘உண்மையாளர்’ என்று எழுதியிருப்பது அந்த ஒரு அட்டையில்தான். மூன்று வருடம் கழித்து, ‘அவசரக்காரர்’ என்பதையாவது அடித்துவிடக் கூடாதா என்று கேட்டேன்.

"பார்க்கலாம் தம்பி" என்றார் மச்சான். "ஆதாரம் இன்னும் போதலை."