கறுப்புக் கட்டம் போட்ட கார்டு

என் வீட்டுக்காரர் சிவசைலத்தைப் பற்றி பாளையங்கோட்டையில் யாரிடம் கேட்டாலும் நல்ல மாதிரியாகத்தான் சொல்வார்கள். பொதுப்பணித்துறையில் வரைவாளர். மணிமுத்தாற்றுக் கால்வாயின் மதகுகளையெல்லாம் மைப்பேனாவால் மயிரிழை பிசகாமல் வரைந்து வைத்திருக்கிறார். வெற்றிலை கிடையாது, சீட்டு கிடையாது, குரலை உயர்த்திப் பேசத் தெரியாது. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஒரு கிறுக்கு உண்டு என்று பெண் பார்க்க வந்த அன்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கல்யாணமான மூன்றாம் நாள் பட்டுப்புடவையை வைக்கலாமென்று பீரோவைத் திறந்தேன். மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரைக்கும் படக்கதைப் புத்தகம். புடவையை என் டிரங்குப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருஷமாக அது அங்கேதான் இருக்கிறது.

படிப்பதோடு நின்றிருந்தால் நானும் பொறுத்துக்கொண்டு போயிருப்பேன். அவருக்குப் படம் வரைந்தவர்களும் வேண்டும். தபாலாபீஸில் இரண்டு கார்டு சேர்ந்தாற்போல ரிப்ளை கார்டு விற்பார்களே, அதை வாங்குவார். ஒன்றில் ஓவியருக்குக் கடிதம். இன்னொன்றில் தன் விலாசத்தைக் கட்டடம் கட்டினாற்போல சதுர எழுத்தில் எழுதி, பின்பக்கத்தை வெறுமையாக விட்டு அனுப்புவார். அவர்கள் அந்த வெற்றிடத்தில் ஏதாவது படம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பவும் செய்தார்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம். அறுபத்தியோரு கார்டு வந்திருந்தது. எல்லாவற்றையும் போட்டோ ஆல்பத்தில் மூலை சொருகி வைத்திருந்தார். எங்கள் கல்யாணப் படம் செல்லரித்துக்கொண்டு பரணில் கிடந்தது.

அந்த ஆல்பத்தின் கடைசிப் பக்கம் மட்டும் காலி. அது சத்தியநேசனுக்கு.

சத்தியநேசன் நாசரேத்துக்காரர், ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர். ஒரு காலத்தில் ஒரு சிறுவர் பத்திரிகையில் ‘கடலோடி கீரன்’ என்று மாதாமாதம் படக்கதை வரைந்தவர். கீரன் கொற்கையில் முத்துக் குளிக்கிறவன், காதில் சங்கு மாட்டியிருப்பான். எழுபத்தியொன்றில் அந்தப் பத்திரிகை நின்றுபோனது. கடைசி இதழில் கீரன் புயலில் படகிலிருந்து கடலுக்குள் விழுகிறான். கீழே ‘தொடரும்’ என்று போட்டிருக்கிறது. தொடரவேயில்லை. அப்போது இவருக்குப் பதினாறு வயது. அன்றிலிருந்து கீரன் பிழைத்தானா செத்தானா என்று இந்த மனுஷன் நிஜமாகவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கும் பாடம் நடத்துவார். ஒருநாள் பழைய இதழைக் கொண்டுவந்து அடுப்படியில் காட்டினார்.

“பாரு மதி, தண்ணிக்குள்ளருந்து மேல வார கைன்னா விரல் நுனியில சொட்டுப் போடுவாரு. உள்ள போற கைக்குச் சொட்டுக் கிடையாது. எத்தனை படம் வேணும்னாலும் பாரு, ஒண்ணுல கூடத் தப்பாது.”

“எனக்குக் கொழம்பு கரிஞ்சிட்டு வருது” என்றேன்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் அந்தக் கதையைத் தொலைக்காட்சியில் தொடராகப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை குளித்து, திருநீறு பூசி, முதல் ஆளாக உட்கார்ந்தார். கீரனுக்குத் தொந்தி. ஒட்டுமீசை. முத்துக் குளிக்கிறவனைக் குதிரையில் ஏற்றிவிட்டார்கள். “கீரன் குதிரையில ஏற மாட்டாம்ளா, அவனுக்குக் குதிரையே தெரியாது” என்று என்னிடம் வந்து முறையிட்டார், நான் என்னவோ கொண்டுவந்து ஏற்றிவிட்ட மாதிரி. பதின்மூன்றாம் வாரம் கீரனுக்குக் கல்யாணம் செய்துவைத்து முடித்தார்கள். அன்றைக்கு அவர் மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் சத்தியநேசனுக்கு ரிப்ளை கார்டு போட்டார்: ‘கீரன் கடைசியில் என்ன ஆனான், ஐயா? ஒரே ஒரு கட்டத்தில் வரைந்து தந்தால் போதும்.’

பதில் ஒரு இன்லண்டு கடிதத்தில் வந்தது. எழுத்து கோணிக்கொண்டு கிடந்தது. ‘கை நடுங்குகிறது. ஆனாலும் உமக்காகப் போடுவேன். பொறுத்திரும்.’

அந்த வருஷம்தான் கோவில்பட்டியில் தை மாதம் படக்கதை வாசகர்கள் ஒன்றுகூடுவதாக ஏற்பாடாகியிருந்தது. தலைமை சத்தியநேசன். இவர் அவசரக் குடுக்கையாக அவர்களுக்கு எழுதிவிட்டார், கீரனின் முடிவை நான் கொண்டுவருகிறேன் என்று. கல்யாண மாப்பிள்ளை மாதிரி திரிந்தார்.

ஐப்பசியில் என் நாத்தனார் சுப்ரஜாவுக்கு நிச்சயதாம்பூலம். இரண்டு இடம் தட்டிப்போய் மூன்றாவதாக அமைந்த சம்பந்தம். காலையிலிருந்து விடாத மழை. அவர் பந்தல்காரனைத் தேடிப் போயிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வரக் கால்மணி நேரம் இருக்கும்போது வாசலில் தபால்காரர் குரல் கேட்டது.

“கறுப்பு போட்டது ஒண்ணு வந்திருக்கு தாயி. சன்னல்ல சொருகிட்டுப் போறேன்.”

சாவுக் கடுதாசியை எங்கள் ஊரில் கையில் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர்களும் வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை, வாசலிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவார்கள். எட்டிப் பார்த்தேன். சன்னல் கம்பிக்கு வெளியே கார்டின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. விரல் தடிமனுக்குக் கறுப்பு.

களக்காட்டில் பெரிய மாமா ஒரு மாதமாகப் படுக்கையில் கிடந்தார். என் மாமனாருக்கு அண்ணன், அதனால் பங்காளி. அவர் போய்விட்டார் என்றால் பதினாறு நாள் தீட்டு, நிச்சயமும் போச்சு. என் மாமியார் பார்வதியம்மாள் பூக்கட்டிக்கொண்டிருந்தவள் பின்னாலேயே வந்துவிட்டாள்.

“படிச்சிராதட்டி. தெரிஞ்சாத்தான் தீட்டு. நமக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணை அங்கிட்டுத் திருப்பிக்கிட்டு அந்தச் சவத்தைக் கிழிச்சுப் போடு.”

முகத்தைத் திருப்பிக்கொண்டு உருவினேன். நாலாகக் கிழித்தேன். வாசல் சாக்கடையில் மழைத்தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது, அதில் போட்டேன். ஈரத்தில் ஒரு துண்டு மட்டும் கையில் ஒட்டிக்கொண்டது. உதறினேன், விழவில்லை. அப்போதுதான் பார்த்தேன். சதுர எழுத்தில் ‘சிவசைலம்’ என்று இருந்தது. என் வீட்டுக்காரர் கையெழுத்து. திருப்பினால், கறுப்புக் கட்டத்தின் மூலையில் மைப்பேனாவால் போட்ட ஒரு கை. மணிக்கட்டைச் சுற்றி அலை.

படக்கதைக்குக் கட்டம் போடுவார்கள் என்பது பன்னிரண்டு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்திய எனக்குத் தெரியாதா? அந்த நேரத்தில் தோன்றவில்லையே. சாக்கடையைப் பார்த்தேன். மற்ற மூன்று துண்டும் தெருமுனை தாண்டிப் போயிருக்கும். வேன் வந்து நின்றது, மாப்பிள்ளை வீட்டார் குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். துண்டை இடுப்பில் சொருகிக்கொண்டு பன்னீர்ச் செம்பை எடுத்தேன். நிச்சயம் நல்லபடியாக நடந்தது. களக்காட்டுப் பெரிய மாமா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பதாக மறுநாள் ஆள் வந்து சொன்னார்.

துண்டை டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினேன். அவர் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே கேட்பார்.

“தபால் ஏதும் வந்துதா மதி?”

“ஒண்ணும் வரலை.”

“நடுங்குத கை பாரு. பையத்தான் வரைவாரு.”

திட்டுகிற மனுஷனாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். இவர் திட்ட மாட்டார், தலையைக் குனிந்துகொள்வார். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஐம்பது நாள் பொய் சொன்னேன்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை, அவர் வீட்டில் இருக்கும்போது, மறுபடியும் கறுப்புக் கட்டம் போட்ட கார்டு வந்தது. இது அச்சடித்தது. நாசரேத்திலிருந்து. சத்தியநேசன் கர்த்தருக்குள் நித்திரையடைந்ததாகவும் நினைவு ஆராதனை இன்ன தேதியென்றும் போட்டிருந்தது. ஓரத்தில் அவர் மகன் பேனாவால் நாலு வரி எழுதியிருந்தார். ‘அப்பா கடைசியாக வரைந்தது தங்களுக்குத்தான். ஐப்பசியில் நானே தபாலில் சேர்த்தேன். அதற்குப் பிறகு அப்பா பேனா எடுக்கவில்லை. கிடைத்திருக்கும் என்று நம்புகிறோம்.’

அவர் வாசலில் நின்றபடியே இரண்டு தடவை படித்தார். கிழிக்கவில்லை.

“ஏளா, ஐப்பசியில எனக்குக் கார்டு ஏதும் வந்துதா?”

நான் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து துண்டை எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன். அத்தை சொன்னது, நான் கிழித்தது, சாக்கடை, எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். அவர் அந்தத் துண்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். நினைத்த மாதிரியே தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கேட்டார்.

“முழுப் படத்தையும் பாத்தியா?”

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இருபத்திமூன்று வருஷக் காத்திருப்பு அந்த முகத்தில் நின்றது. என் வாய் தானாகச் சொன்னது.

“பாத்தேன். படகுல ஏறிட்டான். ஒரு கையால விளிம்பைப் பிடிச்சிருந்தான்.”

“சங்கு இருந்துதா காதுல?”

“இருந்துது.”

“சரி” என்றார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். தை பிறந்ததும், கோவில்பட்டிக்கு நீயும் வரணும் என்றார். அந்தப் படத்தைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் நான்தானாம், நான்தான் சொல்ல வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்ல என்ன முகம் இருக்கிறது எனக்கு?

கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் எண்பது பேர் இருந்தார்கள். அரும்பு மீசையிலிருந்து நரைத்த மீசை வரைக்கும். மேஜை மேஜையாகப் பழைய இதழ்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒருத்தர் கையிலிருந்ததை இன்னொருத்தர் வாங்கி முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமை நாற்காலியில் சத்தியநேசன் படம், மாலையோடு. இவர் ஆல்பத்தைக் கொண்டுபோனதும் சுற்றிக் கூட்டம். கடைசிப் பக்கத்தில் நாசரேத்துச் சாவுக் கார்டும், அதன் பக்கத்தில் அந்தத் துண்டும் இருந்தன. சாவுக் கடுதாசியை ஆல்பத்தில் வைத்த முதல் ஆள் திருநெல்வேலி ஜில்லாவிலேயே இவராகத்தான் இருக்கும்.

மைக்கை என் கையில் கொடுத்தார்கள். சத்தியநேசன் படத்தைப் பார்க்காமல் சொன்னேன். அலை பெரிசாக இருந்தது, கீரன் படகு விளிம்பைப் பிடித்து ஏறிவிட்டான், காதில் சங்கு இருந்தது, தூரத்தில் கொற்கைக் கரை தெரிந்தது. கரையை அங்கே வைத்துத்தான் சேர்த்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்லாருக்கணும் தாயி, பயலைக் கரைசேர்த்துட்டாரு” என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவர் ஆல்பத்தை மடியிலேயே வைத்திருந்தார். கங்கைகொண்டான் தாண்டியதும் ஆல்பத்தைத் திறந்து அந்தத் துண்டை என் பக்கம் காட்டினார்.

“விரல் நுனியைப் பாரு.”

பார்த்தேன். ஐந்து விரலும் சுத்தமாக இருந்தன. ஒரு சொட்டுக் கிடையாது.

“அம்மா சொன்னது சரிதான், மதி. அது சாவுக் கடுதாசிதான்.”

“எப்பத் தெரியும்?”

“நீ கையில தந்த அன்னைக்கே.”

“தெரிஞ்சிருந்துமா அத்தனை பேர் முன்னால என்னைப் பேச வச்சிய?”

“நான் சொன்னா உள்ளதைத்தான் சொல்ல வரும். நீ சொன்னா பொழச்சிக்கிடுவான்.” ஆல்பத்தை மூடினார். “தெரிஞ்சாத்தான தீட்டு. அந்த எம்பது பேருக்கும் ஒண்ணும் தெரியாது. இருக்கட்டும்.”

ஜங்ஷனில் இறங்கி டவுன் பஸ் ஏறினோம். பாளையங்கோட்டைக்குத்தான் டிக்கெட். ஆற்றுப்பாலம் கடந்ததும் கொக்கிரகுளத்திலேயே இறங்கினார். நானும் இறங்கினேன். பொழுது சாயவில்லை. படித்துறையில் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, ஆல்பத்தை என்னிடம் தந்தார்.

“நனையாமப் பிடிச்சுக்கோ. ஒரு முங்கு போட்டுட்டு வந்திருதேன்.”

தைத் தண்ணீர் கல்லாகக் குளிரும். இடுப்பளவில் போய் நின்று, கிழக்கே ஆறு கொற்கைப் பக்கம் போகிற திசையைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார். எழுந்தபோது முகத்தில் வழிந்தது ஆற்றுத்தண்ணீர் மட்டும் இல்லை.

எனக்கும்தானே தெரியும். ஆல்பத்தைப் பையோடு மேல்படியில் வைத்து, அதன்மேல் செருப்பைப் பாரமாக வைத்துவிட்டு, கட்டிய புடவையோடு நானும் இறங்கினேன்.