ராக்கெட் லேபிள்

சிவகாசியை விட்டு நான் கிளம்புவது இது ஆறாவது முறை. பாத்திரங்களைச் சுற்ற, மகேஸ்வரி தன் அச்சகத்திலிருந்து வீணான பட்டாசு லேபிள்களைக் கட்டாகக் கொண்டுவந்தாள். பிரித்ததும் மை வாடை மூக்கில் ஏறியது. பிளஸ் டூ கடைசி நாளில் எங்கள் வகுப்பில் அடித்த அதே வாடை.

அன்றைக்கும் அவள்தான் அப்பாவின் அச்சகத்திலிருந்து லேபிள்களைக் கொண்டுவந்து, மடித்துக் குலுக்கினாள். முதலில் தனக்கொன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். நாங்கள் எடுத்ததைப் பிரிக்காமல் அவளிடம் நீட்ட வேண்டும். எந்த வெடியோ, அதை வைத்து எதிர்காலம் சொல்வாள்.

வேதியியல் சாருக்குப் புஸ்வாணம் வந்தது. "ஆரம்பம் ஜோரா இருக்கும் சார், அஞ்சு நிமிசத்துல அடங்கிருவீக" என்றாள். அவரே சிரித்துவிட்டார்.

எனக்குச் சங்குச் சக்கரம். "நீ எம்புட்டுச் சுத்தினாலும் இங்கனயேதான்டி கெடப்ப."

கடைசியில் தன்னுடையதைப் பிரித்து, ராக்கெட் என்றாள். வகுப்பே கைதட்டியது. நான் தட்டவில்லை.

அதன் பிறகு வெளியூர் வேலையாகவே தேடித் தேடி ஓடினேன். திரும்பி வந்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் கால் தரிப்பதில்லை. மகேஸ்வரி அச்சகத்தைவிட்டு எங்கும் போகவில்லை.

டம்ளரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கு ராக்கெட்டு ஒனக்குத்தான் வந்துச்சு. ஏஞ் சக்கரத்த ஒனக்கு வாசிச்சுட்டேன்."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தேன். "அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ இங்கனயேதான் இருந்திருப்ப" என்றபடி பெட்டியை இறுக்கிக் கட்டினாள்.